கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு வருடம் உழைத்த ஒரு வக்கியூம் பம்ப்

வெள்ளவத்தைக்கும் கல்கிசைக்கும் இடையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே எழுந்து நிற்கும் அடுக்குமாடிகளில் ஏசி பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் பதினாறு வருடங்களாக எனது தொழில். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு வக்கியூம் பம்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. வீட்டில் ஏசி பொருத்தும்போது அருகில் நின்று பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். செம்புக் குழாய்களை இணைத்து முடித்தபின், அவற்றுக்குள் அகப்பட்டிருக்கும் காற்றையும் நீராவியையும் இந்தப் பம்பினால் உறிஞ்சி வெளியேற்றிய பிறகே, குளிரூட்டும் கேஸைத் திறந்துவிட வேண்டும். ஆர் 32, ஆர் 410ஏ ஆகிய இன்றைய கேஸ்களோடு பெரும்பாலும் சேர்ந்து ஓடும் பொலியொல் எஸ்டர் எண்ணெய் ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். குழாயில் தங்கிவிட்ட ஈரம் அந்த எண்ணெயைச் சிதைத்து அமிலத்தை உண்டாக்கி, கம்ப்ரசரின் மோட்டார்ச் சுற்றை மெல்ல மெல்ல அரித்துவிடும். பொருத்திய மறுநாள் ஏசி நன்றாகவே குளிரும். கேடு வெளியே தெரிவதற்கு இரண்டு மூன்று வருடங்கள் ஆகும் என்பதனால்தான் இந்த ஒரு வேலையில் மட்டும் பலர் அவசரம் காட்டுகிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் பழைய சோனகத் தெருவில் நான் வாங்கிய இரண்டு கட்டத் தகட்டுப் பம்பைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அரைக் குதிரைவலு மோட்டார், பதினொரு கிலோ எடை, நிமிடத்துக்கு 6 கன அடி என்று பெட்டியில் பெரிய எழுத்து. பெயரைச் சொல்வதால் வாசகருக்குப் பெரிய பயன் இல்லை. அன்று நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் மூன்று பெயர்த்தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. கீழே இருந்த வார்ப்பும் எண்ணெய்க் கண்ணாடியும் கைப்பிடியும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஆகவே இதனை ஒரு வகைப் பம்பின் மதிப்புரையாக வாசிப்பதே பொருத்தம். அறுபதினாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்தேன். ஒரு கட்டப் பம்ப் அதில் ஏறக்குறைய பாதி விலைக்கு அதே அலமாரியில் இருந்தது.

முதலில் அந்த 6 கன அடியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்தே வாங்குகிறார்கள். இந்தப் பம்பின் மோட்டார் நான்கு முனை கொண்ட தூண்டல் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1720 தடவை சுற்றும் மோட்டார், இலங்கையின் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் 1440 தடவைக்குக் கிட்டவே சுற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்போது, பம்ப் இழுக்கும் காற்றும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. எனவே பெட்டியின் முன்பக்கத்தில் 6 என்று எழுதியிருக்கும் பம்ப், கொழும்பில் 5 கன அடிப் பம்பாகவே வேலை செய்கிறது. மோட்டாரின் பக்கத்தில் ஒட்டிய சிறிய தகட்டில் இரண்டு எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அதில் பொய் இல்லை. கடையில் பெட்டியை மட்டும் காட்டுபவரிடம் மோட்டார்த் தகட்டையும் காட்டும்படி கேட்டு வாசித்த பின்னரே பணத்தைக் கொடுப்பது நல்லது.

அந்த 5 கன அடி, லீற்றரில் சொன்னால் நிமிடத்துக்கு 142 லீற்றர், எப்படி வெளியே போகிறது என்பதே இந்த இயந்திரத்தின் அழகு. வாங்கிய ஒன்றரை வருடத்தின் பின்னர் ஒரு பழுதின் காரணமாக அதைத் திறந்து பார்க்க நேர்ந்தது. அந்தப் பழுதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். எண்ணெய்ப் பெட்டிக்குள்ளே, இரும்பால் வார்த்துத் துல்லியமாகக் கடைந்த ஓர் உருளை இருக்கிறது. அதன் உட்புற விட்டம் நான் அளந்தபோது 60 மில்லிமீற்றர். அதற்குள் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள சுழலி ஒன்று நடுமையத்தில் அமையாமல், மேற்புறச் சுவரை உரசும் அளவுக்கு ஒதுங்கி அமைக்கப்பட்டுள்ளது. ஒதுங்கி இருப்பதனால் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் ஓர் இடைவெளி விழுகிறது. சுழலியின் குறுக்கே வெட்டிய பிளவில் இரண்டு தகடுகள் முதுகோடு முதுகாக அமர்ந்திருக்க, அவற்றுக்கு நடுவே சிறிய சுருள்விற்கள் நின்று இரண்டையும் வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. சுழலி சுற்றத் தொடங்கியதும் மையவிலக்கு விசையும் சேர்ந்துகொள்ள, தகடுகளின் நுனிகள் உருளையின் சுவரை விடாமல் தழுவிக்கொண்டு ஓடுகின்றன. பிறையின் ஒரு கொம்பில் அறை விரியும்போது குழாயிலிருந்து காற்று உள்ளே வருகிறது. மறு கொம்பை நோக்கி அறை ஒடுங்கும்போது அதே காற்று நெரிக்கப்பட்டு, எண்ணெயில் அமிழ்ந்திருக்கும் மெல்லிய வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறுகிறது.

ஒரு சுற்றுக்கு இரண்டு அறைகள் என்றால் நிமிடத்துக்கு 2880 அறைகள். 142 லீற்றரை அதனால் வகுத்தால் ஓர் அறைக்கு 49 கன சென்ரிமீற்றர் வருகிறது, அதாவது சிறிய தேநீர்க் குவளையில் பாதி. தகட்டு நுனி ஒரு மணித்தியாலத்தில் உருளைச் சுவரில் தேய்ந்துகொண்டு ஓடும் தூரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தேன்: 16 கிலோமீற்றர். கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து கல்கிசையையும் தாண்டிப் போகும் தூரம் அது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடும் ஒரு பம்பின் தகடு இத்தனை தேய்ப்பைத் தாங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தகடு இரும்பினால் ஆனதன்று. இழைகளைப் பிசினோடு சேர்த்து அழுத்திய கடினமான பொருள். மேலும், அதற்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் ஓர் எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அந்தப் படலம் மசகாக மட்டும் இருப்பதில்லை. சுழலியும் உருளையும் மேற்புறத்தில் ஏறக்குறையத் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு மில்லிமீற்றரில் சில நூறில் பங்கேயான இடுக்கை அடைத்து, வெளியேறிய காற்று உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்பி வராமல் தடுப்பதும் அதுவே. எண்ணெய் இல்லாத இந்தப் பம்பினால் காற்றைத் தள்ள முடியுமே தவிர வெற்றிடத்தை உண்டாக்க முடியாது.

இந்த வடிவமைப்பு புதியதன்று. சுழலியில் சறுக்கும் தகடுகளைக் கொண்ட நீர்ப் பம்ப் ஒன்றை இத்தாலியப் பொறியியலாளர் அகொஸ்தீனோ ராமெல்லி 1588 ஆம் ஆண்டிலேயே வரைந்து காட்டியிருக்கிறார். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பார்ன்ஸ் 1874 இல் இவ்வகைப் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். இத்தனை காலம் இது நிலைத்திருப்பதற்கு நான் காணும் காரணம், தகட்டு நுனியின் தேய்வைத் தகடே ஈடுசெய்துகொள்கிறது என்பதுதான். நுனி தேயத் தேயத் தகடு பிளவிலிருந்து இன்னும் சிறிது வெளியே வந்து சுவரைத் தொடும். பிளவுக்குள் அதன் பிடி குறைந்து, சரிந்து சிக்கிக்கொள்ளும் நிலை வரும்வரை பம்பின் வேகம் குறைவதில்லை. ஆனால் சுழலியின் இரு முனைகளிலும் இருக்கும் மூடிகளில் தேய்வோ கீறலோ ஏற்பட்டால் அதை ஈடுசெய்ய இந்த வடிவமைப்பில் எதுவும் இல்லை. இதை நான் பட்டறிந்தேன்.

இரண்டு கட்டம் என்பதன் பொருளையும் கடைக்காரர்கள் சரியாகச் சொல்வதில்லை. இரண்டு மடங்கு வேகம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரே தண்டில் இரண்டு சுழலிகள், இரண்டு உருளைகள். முதலாவது வெளியேற்றுவதை இரண்டாவது உறிஞ்சுகிறது. வேகம் முதலாவதன் அளவே. ஒரு கட்டப் பம்பில் வெளியேறும் பக்கத்தில் வளிமண்டல அழுத்தம் முழுவதும் நிற்கிறது. எண்ணெயில் கரைந்த காற்றும், இடுக்குகளின் வழியாகத் திரும்பும் காற்றும் சேர்ந்து ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இரண்டு கட்டப் பம்பிலோ முதலாவது உருளையின் வெளிப்பக்கமும் ஏற்கெனவே வெற்றிடத்துக்கு அண்மையில் இருப்பதனால், திரும்பி வருவதற்கு அங்கே காற்று மிகக் குறைவு. 6 கன அடி ஒரு கட்டமா, 4 கன அடி இரண்டு கட்டமா என்று ஒருவர் கேட்டால், தயக்கமின்றி இரண்டாவதையே வாங்கச் சொல்வேன்.

புதிதாக இருந்தபோது, வெற்றிடத்தின் ஆழத்தை அளக்கும் மைக்ரோன் கேஜை நேரடியாகப் பம்பின் வாயில் பொருத்திப் பார்த்தேன். 760 மில்லிமீற்றர் இரசம் என்பது வளிமண்டலம். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெட்டியில் 15 என்று எழுதியிருந்தது, எனது கேஜ் 22 காட்டியது. ஏசி வேலைக்கு 500 மைக்ரோனுக்குக் கீழே போனால் போதும் என்பதனால் இதில் எனக்குக் குறை இல்லை. பழைய ஊசி கேஜை மட்டும் நம்பி வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5000 மைக்ரோனுக்கும் 500 மைக்ரோனுக்கும் இடையிலான வேறுபாடு அந்த ஊசியில் ஒரு மயிரிழைகூட நகராது. குழாயில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியின் விடை முழுவதும் அந்த மயிரிழைக்குள்ளேதான் இருக்கிறது.

கொழும்பில் இந்தப் பம்பின் உண்மையான சோதனை ஈரமே. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழைக்குச் சற்று முன்னர், திறந்த குழாயோடு மொட்டைமாடியில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் காற்றின் கனம் தெரியும். 30 பாகை வெப்பத்தில் நீரின் ஆவியழுத்தம் 42 மில்லிபார். அதாவது அழுத்தம் ஏறக்குறைய 32,000 மைக்ரோனுக்குக் கீழே இறங்கியவுடன், குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் நீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்குகிறது. தொடக்கத்தில் பம்புக்குள் வரும் கலவையில் நீராவி நூற்றுக்கு மூன்று பங்கு அளவே இருக்கும். ஆனால் காற்று முழுவதும் போய், நீர் கொதிக்கும் கட்டத்தில், பம்ப் உறிஞ்சுவது பெரும்பாலும் நீராவி மட்டுமே.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெளியேற்றும் வால்வு திறப்பதற்கு அறைக்குள் அழுத்தம் வளிமண்டலத்தைச் சற்றுத் தாண்ட வேண்டும், ஏறக்குறைய 1100 மில்லிபார். பம்பின் உட்புறம் 60 பாகை சூடாக இருக்கும்போது நீராவி தாங்கக்கூடிய அழுத்தம் 200 மில்லிபார் மட்டுமே. ஆகவே நீராவி வால்வைச் சென்றடைவதற்கு முன்னரே நெரிபட்டு மீண்டும் நீராகிறது. வெளியே போவதற்குப் பதிலாக எண்ணெயோடு கலந்து அங்கேயே தங்குகிறது. அந்த எண்ணெய் சுற்றிச் சுற்றி உறிஞ்சும் பக்கத்துக்கு வரும்போது நீர் மீண்டும் ஆவியாகிறது. மணிக்கணக்காக ஓடினாலும் கேஜ் இறங்க மறுப்பதற்கும், கண்ணாடியில் எண்ணெய் பால்போல் வெளிறுவதற்கும் இதுவே காரணம்.

இதற்கான தீர்வை ஜேர்மனிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே 1935 இல் கண்டுபிடித்தார். நெரிக்கும் கட்டத்தில் அறைக்குள் சிறிதளவு வெளிக்காற்றை வேண்டுமென்றே அனுமதிப்பதே அது. காற்று சேர்வதனால் வால்வு திறக்கும் அழுத்தம் முன்கூட்டியே எட்டப்படுகிறது. நீராவி நீராவதற்கு முன்னரே காற்றோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது. நான் வாங்கிய பம்பில் இதற்கென ஒரு சிறிய திருகு, கேஸ் பலஸ்ட் என்ற பெயரில், கைப்பிடிக்கு அருகில் இருக்கிறது. அதனைத் திறந்து வைத்தால் அடிமட்ட வெற்றிடம் கிடைக்காது என்பதனால், பலர் அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எனது வழக்கம், தொடக்கத்தில் திறந்து விட்டு, கேஜ் 2000 மைக்ரோனுக்கு வந்த பிறகு மூடுவது. தெஹிவளையில் ஒரு வீட்டில், மழைநீர் புகுந்த பழைய குழாய்களை அப்படியே பயன்படுத்த வேண்டிய நிலையில், திருகை மூடி ஓடியபோது ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பின்னரும் 1800 க்குக் கீழே இறங்காத கேஜ், எண்ணெயை மாற்றித் திருகைத் திறந்து ஓடியபோது 50 நிமிடத்தில் 450 ஐத் தொட்டது. இந்தத் திருகு இல்லாத பம்பைக் கொழும்பில் யாரும் வாங்கக் கூடாது என்பது எனது உறுதியான கருத்து.

எண்ணெயைப் பொறுத்தவரை இந்தப் பம்ப் சிறிது பெருந்தீனிக்காரன். 350 மில்லிலீற்றர் கொள்ளும். ஈரமான வேலை என்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். வடிக்கும் திருகு அடியின் மிகத் தாழ்ந்த புள்ளியில் அமையவில்லை என்பதனால், பம்பைச் சரித்துப் பிடித்தே வடிக்க வேண்டியிருக்கிறது. இது நல்ல வடிவமைப்பு அன்று. எண்ணெயின் விலையைப் பார்த்து இயந்திர எண்ணெயை ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதில் சேர்க்கப்பட்டிருக்கும் பொருட்கள் வெற்றிடத்தில் ஆவியாகிக் கேஜைத் தடுத்து நிறுத்தும், பம்பும் கெடும்.

மின்வெட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவுறாது. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், என்னிடம் இருந்தது இதற்கு முந்திய பம்ப். பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் வெற்றிடம் இழுத்துக்கொண்டிருக்கும்போது, அறிவித்த நேரத்துக்கு முன்னரே மின்சாரம் நின்றது. பம்ப் நின்ற கணத்தில், வெளியே இருக்கும் வளிமண்டலம் எண்ணெயைப் பின்னோக்கித் தள்ள, அது ஹோஸ் வழியாகச் செம்புக் குழாய்க்குள்ளேயே ஏறிவிட்டது. அந்தக் குழாய்களை நைதரசன் ஊதிச் சுத்தம் செய்வதற்கு மறுநாள் முழுவதும் போயிற்று. வாங்கிய இடத்தில் கேட்டபோது, எல்லாப் பம்பும் அப்படித்தான் என்றார்கள். அது உண்மையன்று. எண்ணெய் திரும்புவதைத் தடுக்கும் வால்வு ஒன்றை உறிஞ்சும் வாயில் வைப்பது பல காலமாக அறியப்பட்ட வழக்கம். புதிய பம்பை வாங்கும்போது, கடையிலேயே ஹோஸின் மறுமுனையை அடைத்துவிட்டு, பம்பை ஓடவிட்டு, திடீரென்று மின்கம்பியைக் கழற்றிக் காட்டும்படி கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் செய்து காட்டினார். ஹோஸில் ஒரு துளி எண்ணெயும் ஏறவில்லை. இரண்டு வருடத்தில் வேலை நடுவே பல தடவை மின்சாரம் நின்றிருக்கிறது. வால்வு ஒரு தடவையும் ஏமாற்றவில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். பெரிய பம்பை வாங்கிவிட்டு, மேனிஃபோல்டின், அதாவது கேஜ்களும் வால்வுகளும் பூட்டிய இணைப்புக் கட்டையின், பழைய கால் அங்குல ஹோஸையே மாட்டுபவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். குழாய் வழியே காற்று செல்லும் இலகு, விட்டத்தின் நான்காம் அடுக்கோடு மாறுகிறது. வெற்றிடம் ஆழமாகும்போது மூன்றாம் அடுக்கோடு. கால் அங்குலத்திலிருந்து எட்டில் மூன்று அங்குலத்துக்குப் போனால், தொடக்கத்தில் ஐந்து மடங்கும் முடிவில் மூன்று மடங்குக்கு மேலும் வழி திறக்கிறது. 12,000 பிடியூ ஏசி, ஐந்து மீற்றர் குழாய்: கால் அங்குல ஹோஸில், ஏசியில் ஹோஸைப் பூட்டும் சேவை வால்வுக்குள் வழியை மறிக்கும் ஊசியைக் கழற்றாமல் 40 நிமிடம் பிடித்த வேலை, அகன்ற ஹோஸில் ஊசியைக் கழற்றி இழுத்தபோது 15 நிமிடத்தில் முடிந்தது. பம்ப் ஒன்றே.

இப்போது அந்தப் பழுது. ஒன்றரை வருடத்தின் பின்னர், புதிய எண்ணெய் ஊற்றிய பிறகும் கேஜ் 300 க்குக் கீழே வர மறுத்தது. தண்டின் முத்திரை வளையத்தின் வழியாக எண்ணெய் கசிந்து மோட்டார்ப் பக்கம் நனைந்திருந்தது. வாங்கிய கடையில் உதிரிப்பாகம் இல்லை. புதிய பம்ப் ஒன்றுக்கு விலை சொன்னார்கள். இது இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை. தகட்டுப் பம்ப் திறந்து மூடிப் பல வருடம் பயன்படுத்துவதற்கென்றே பிறந்த இயந்திரம். அதற்கு ஒரு வளையம் கிடைக்கவில்லை என்பதற்காக எறிவது எனக்குப் பொறுக்கவில்லை.

பஞ்சிகாவத்தையில், டீசல் வான்களின் ஓல்டனேட்டர்களை, அதாவது இயந்திரத்தோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் பாகங்களை, பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். காரணம் இருந்தது. டீசல் இயந்திரத்தின் உறிஞ்சு குழாயில் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடம் கிடைப்பதில்லை; ஆகவே பழைய ஜப்பானிய டீசல் வான்கள் பலவற்றில் ஓல்டனேட்டரின் பின்புறத்தில் ஒரு சிறிய தகட்டுப் பம்ப் பூட்டப்பட்டிருக்கும். அதே ஒதுங்கிய சுழலி, அதே சறுக்கும் தகடு. அந்தப் பெரியவர் முப்பது வருடமாக அவற்றைத் திறந்து மூடுகிறார். எனது பம்பின் மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து, நகத்தால் ஒரு கோட்டைத் தடவிக் காட்டினார்.

“தம்பி, தகடு நல்லாத்தான் இருக்கு. மூடிய பாருங்க, செம்புத் தூள் போய்க் கீறியிருக்கு. வாயில ஒரு சல்லடை இருந்திருக்குமே, அது எங்க?”

“கழற்றி வைத்துவிட்டேன் நானா, வேகம் குறையும் என்று நினைத்து.”

“அத மொதல்ல போடுங்க.”

உறிஞ்சும் வாயில் இருந்த அந்தச் சிறிய கம்பிச் சல்லடையை நான் முதல் மாதத்திலேயே கழற்றியிருந்தேன். குழாயை வெட்டி விரிக்கும்போது விழும் செம்புத் துகள்கள் வேறு வழியின்றி உருளைக்குள் சென்றிருக்கின்றன. அவர் தடித்த கண்ணாடித் தட்டின்மேல் மெல்லிய எமரிப் பசையைத் தடவி, எட்டு வடிவில் மூடியைத் தேய்த்துத் தேய்த்துக் கீறலைப் போக்கினார். மூடியின் முகம் சமதளமாக இருக்கும்வரை சுழலிக்கான இடைவெளி மாறுவதில்லை என்பதனால் இது சரியான வைத்தியம். முத்திரை வளையத்துக்கு, அதே அளவில் ஒரு மோட்டார் வாகன வளையத்தைத் தேடிப் போட்டார். இரண்டாம் நாள் கேஜ் 40 காட்டியது.

அவரது மேசையில் கிடந்த பொருட்களைப் பார்த்தபோது, இந்த ஒரு வடிவம் கொழும்பின் தெருக்களில் எத்தனை வேடத்தில் ஓடுகிறது என்பது புரிந்தது. பவர் ஸ்டியரிங் பம்ப் ஒன்று திறந்து கிடந்தது. அதில் உருளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, இரண்டு உறிஞ்சல், இரண்டு வெளியேற்றம் எதிரெதிரே அமைந்திருந்தன. எண்ணெயின் அழுத்தம் தண்டை ஒரு பக்கம் தள்ளாமல் சமன்செய்வதற்காக ஹரி விக்கர்ஸ் 1925 இல் கொண்டுவந்த அமைப்பு அது. டயர்க் கடையில் சக்கர நட்டைக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி, இதே இயந்திரத்தைத் தலைகீழாக ஓட்டுவது: காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக, காற்று தகட்டைத் தள்ளுகிறது. நான் பொருத்தும் ஏசியின் ரோட்டரி கம்ப்ரசரும் இதன் உறவே. அதில் தகடு சுழலியில் இருக்காது. உருளையின் சுவரில் ஒரே ஒரு தகடு நின்று, உருண்டோடும் வளையத்தின்மேல் சுருள்வில்லால் அழுந்தியிருக்கும். இத்தனைக்கும் பொருந்திய இவ்வமைப்பு எரிபொருள் எரியும் இயந்திரமாக மட்டும் சந்தைக்கு வந்து நிலைக்கவில்லை. எரியும் வெப்பத்தில் தகட்டு நுனியில் எண்ணெய்ப் படலத்தைக் காப்பது மிகக் கடினம். தகடு இல்லாத வாங்கெல் இயந்திரமும் முக்கோணச் சுழலியின் நுனி முத்திரைகளிலேயே அதிகம் துன்பப்பட்டது.

மற்றக் குறைகளை விரைவாகச் சொல்கிறேன். சுவிட்ச் சாதாரணமானது, மூடிய வகையன்று. ஆர் 32 மெல்லத் தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதனால், பம்பைத் தூர வைத்து, சுவரின் பிளக்கிலிருந்தே இயக்குகிறேன். வெளியேற்றும் வாயின் எண்ணெய்ப் புகை, மூடிய அறையில் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தருகிறது. ஒரு ஹோஸைப் பூட்டி யன்னலுக்கு வெளியே விடுவது நல்லது. நுவரெலியாவில் ஒரு குளிரறை வேலைக்குக் கொண்டுபோன அதிகாலையில், எண்ணெய் தடித்துவிட்டதனால் மோட்டார் சுற்ற முடியாமல் முனகியது. வாயைத் திறந்து வைத்து ஓரிரு விநாடி ஓடவிட்டு நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டபோது சரியாயிற்று. கொழும்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆழ்ந்த வெற்றிடத்தில் கேட்கும் டொக் டொக் என்ற ஒலியைப் பழுது என்று எண்ண வேண்டாம். தாங்குவதற்குக் காற்று இல்லாத நிலையில் எண்ணெய் வால்வில் மோதும் ஒலி அது, வெற்றிடம் நன்றாக இருக்கிறது என்பதன் அறிகுறி.

ஒரு நாளில் இரண்டு மூன்று வீட்டு ஏசி பொருத்துபவருக்கு இந்தப் பம்ப் முழுமையாகப் போதும். பெரிய கட்டடங்களின் நீண்ட குழாய்களுக்கு வேகம் போதாது. அங்கே இதனைக் கொண்டுபோக வேண்டாம். வாங்குபவர் உதிரி முத்திரை வளையம் இரண்டையும், வால்வுத் தகடு ஒன்றையும் அதே நாளில் கேட்டு வாங்கட்டும். கடையில் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகட்டும். எனது பம்பின் தகடுகளைப் பஞ்சிகாவத்தைப் பெரியவர் அளந்தபோது, நான்கிலும் பத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தேய்வு இருக்கவில்லை. சல்லடை இப்போது வாயில் இருக்கிறது. நாளை வெள்ளவத்தையில் ஏழாவது மாடியில் இரண்டு ஏசி. எண்ணெயை இன்றிரவே மாற்றி வைத்துவிட்டேன்.